ஜாஸ்மின் ஜாய்ஸுடையதுதான் வேல்ஸ் பெண்கள் ரக்பியின் மிகப் பெரிய ஆட்ட வாழ்க்கை: மறுப்பவர்கள் வரலாம்

கதிர்_கார்டிஃப்

கார்டிஃபில் எட்டு வருடமாக இருக்கிறேன். இங்கே ரக்பி என்று வாயெடுத்தால் போதும், ஆளாளுக்கு ஆண்கள் அணியின் பழைய பெருமையை அவிழ்த்துவிடுவார்கள். நேற்று அலுவலகத்திலும் அதே கதைதான். பெண்கள் அணியில் பெரிய ஆள் யார் என்று கேட்டேன். ஒருவர் தேநீரைக் கலக்கிக்கொண்டே "அந்த செவன்ஸ் பெண்தானே, பேர் என்ன..." என்று இழுத்தார். அந்தக் கடுப்பில்தான் இந்த இழை.

அந்தப் பெண்ணின் பேர் ஜாஸ்மின் ஜாய்ஸ். இப்போது ஜாய்ஸ்-புச்சர்ஸ், அவருடைய மனைவி அலிஷாவும் வேல்ஸ் அணியில் ஆடியவர்தான். ஊர் செயின்ட் டேவிட்ஸ், பெம்புரோக்‌ஷரின் மேற்கு ஓரம், அதற்கப்புறம் கடல். பேருக்கு நகரம், ஜனம் இரண்டாயிரம்கூடத் தேறாது. பிரிட்டனிலேயே ஆகச் சிறிய நகரம் அதுதான். ரயில்கூடக் கிடையாது.

அங்கிருந்து கிளம்பிய பெண் 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் ஆடினார். அப்போது வயது 20. பிரிட்டன் பெண்கள் செவன்ஸ் அணியில் இருந்த ஒரே வேல்ஸ்காரர். வேல்ஸின் பதினைந்து பேர் அணியில் அவர் இடம் பிடித்ததே அதற்கடுத்த ஆண்டுதான். முதலில் ஒலிம்பிக், அப்புறம்தான் நாட்டு அணி! அதன் பிறகு டோக்கியோ, பாரிஸ். மூன்று ஒலிம்பிக்கில் ஆடிய முதல் பிரிட்டிஷ் ரக்பி ஆட்டக்காரர் இவர். ஆண்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இடையிடையே பதினைந்து பேர் ஆட்டத்தில் 2017, 2022, 2025 என்று மூன்று உலகக் கோப்பை.

ரக்பி தெரியாதவர்களுக்கு: செவன்ஸ் என்றால் பக்கத்துக்கு ஏழு பேர், பாதிக்கு ஏழு நிமிடம், ஆனால் மைதானம் அதே முழு மைதானம். மூச்சு வாங்க நேரமிருக்காது. பதினைந்து பேர் ஆட்டம் 80 நிமிடம், அதில் உடம்போடு உடம்பு மோதுவதுதான் பாதி. இரண்டிலும் உச்சத்தில் ஆட உடம்பை வேறு வேறு மாதிரி வளைக்க வேண்டும். இவர் பத்து வருடமாக அதைச் செய்கிறார்.

இதைவிடப் பெரிய ஆட்ட வாழ்க்கை இருந்தால் சொல்லுங்கள்.

கண்டி_சிவா

தம்பி கதிர், ஆர்வம் நல்லது. ஆனால் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம்.

மூன்று ஒலிம்பிக் என்கிறீர். பதக்கம் எத்தனை? ரியோவில் நாலாம் இடம், டோக்கியோவிலும் நாலு, பாரிஸில் ஏழு. ரியோவில் குழு ஆட்டத்தில் கனடாவை 22-0 என்று அடித்தார்கள். வெண்கலத்துக்கு அதே கனடா எதிரே வந்ததும் 33-10 என்று தோற்றார்கள். டோக்கியோவில் நியூசிலாந்துக்கு எதிராக 21-0 முன்னிலை. நான் இங்கே கதிரையை விட்டு எழும்பி நின்று கத்தினேன். ஆட்டம் முடியும்போது 26-21, வென்றது நியூசிலாந்து. அதே ரியோவில் பிரிட்டன் ஆண்கள் அணி வெள்ளி எடுத்தது, அதில் இரண்டு வேல்ஸ் பொடியன்கள் இருந்தார்கள்.

இதெல்லாம் அந்தப் பிள்ளையின் குற்றம் இல்லை, தெரியும். என் பெரிய குறை வேறு. அது வேல்ஸ் சட்டை இல்லை, பிரிட்டன் சட்டை. நீர் கேட்டது வேல்ஸ் றக்பியின் பெரிய ஆள் யார் என்று. வேல்ஸுக்காக ஆடியதை வைத்துத்தானே அதை அளக்க வேண்டும்?

என்னைக் கேட்டால் நான் எவன்ஸ்தான் பெரிய ஆள். 87 டெஸ்ட் (நாட்டு அணிக்காக ஆடும் ஆட்டம்), 64 ட்ரை, 489 புள்ளி. முடிந்தது கதை.

வெண்பா

எவன்ஸ் அண்ணே, வணக்கம்! இத்தனை நாளாக உங்களைச் சிவா என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். தன்னடக்கம் கொஞ்சம் குறைவு, மற்றபடி 64 ட்ரைக்கு வாழ்த்துகள்.

கண்டி_சிவா

போனின் வேலை பிள்ளை. நொன் என்று அடித்தால் அதுவே நான் என்று திருத்துகிறது. நொன் எவன்ஸ். நொன். இனிக் கையால் திருத்துவேன்.

சிரித்து முடித்தீர்கள் என்றால் 2009 பெப்ரவரி 14ஐச் சொல்கிறேன். வேல்ஸ் பெண்கள் அணி இங்கிலாந்தோடு முதன்முதல் மோதியது 1987இல். அதிலிருந்து 22 வருடம் ஒரு வெற்றிகூட இல்லை. ஒன்றுகூட! டாஃப்ஸ் வெல் என்ற சின்ன ஊரில் ஆட்டம். கடைசி நிமிடங்களில் இங்கிலாந்து முன்னிலை. 80 நிமிடம் கடந்த பிறகு வேல்ஸுக்கு ஒரு பெனால்டி கிடைக்கிறது. பந்தை வைப்பது நொன் எவன்ஸ். உள்ளே போனால் மூன்று புள்ளி, போகாவிட்டால் இன்னொரு வருடத் தோல்வி. போனது. 16-15.

அந்த வருடம் ஸ்கொட்லாந்தையும் அயர்லாந்தையும் வென்று, இங்கிலாந்தோடு சேர்த்து மூன்றையும் ஒரே வருடத்தில் வென்றால் கிடைக்கும் ட்ரிபிள் கிரவுனும் எடுத்தார்கள். அதுவும் முதல் தடவை. இதையெல்லாம் எந்தச் சட்டையில் செய்தார்கள்? வேல்ஸின் சிவப்புச் சட்டையில்.

இன்னொன்று. இதே நொன் காமன்வெல்த் போட்டிகளில் ஜூடோ, பளுதூக்குதல், மல்யுத்தம் மூன்றிலும் வேல்ஸுக்காக இறங்கியவர். மல்யுத்தம் 2010இல் உங்கட டில்லியில்தான் நடந்தது. செவன்ஸும் பதினைந்தும் இரண்டு வேறு ஆட்டம் என்று தம்பி வியக்கிறார். இங்கே நாலு வேறு ஆட்டம்.

புதுசு_பாலு

எனக்கு ரக்பி சுத்தமாகத் தெரியாது, இழை சுவாரசியமாகப் போகிறதே என்று உட்கார்ந்திருக்கிறேன். ட்ரை என்றால் கோல் மாதிரியா? பேர் ஏன் "முயற்சி" என்று இருக்கிறது?

வெண்பா

பாலு, எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தினால் ட்ரை. ஐந்து புள்ளி. பழைய காலத்தில் ட்ரைக்குப் புள்ளியே கிடையாது. கோலை நோக்கி உதைத்துப் பார்க்க ஒரு வாய்ப்பு கிடைக்கும், அவ்வளவுதான். அந்த "முயற்சி"தான் பேராக நின்றுவிட்டது. இப்போதும் ட்ரைக்குப் பிறகு ஓர் உதை உண்டு, அதற்கு இரண்டு புள்ளி. பெனால்டிக்கு மூன்று.

இதை வைத்து சிவா அண்ணன் கொடுத்த கணக்கைப் பிரித்துப் பார்க்கலாம். 64 ட்ரை என்றால் 320 புள்ளி. மீதி 169 புள்ளி காலால் வந்தது. நாலு ஆட்டத்துக்குக் கிட்டத்தட்ட மூன்று ட்ரை, அதோடு கோல் உதைக்கிற வேலையும். பொய் சொல்லக் கூடாது, இது அசாத்தியமான கணக்கு. ஆனால் ஜாய்ஸோடு அப்படியே பக்கத்தில் வைக்க முடியாது. ஜாய்ஸ் கோல் உதைப்பவர் இல்லை. புள்ளிக் கணக்கில் ஒப்பிட்டால் அவர் தோற்பது ஆட்டம் தொடங்கும் முன்பே முடிவாகிவிடும்.

எதிரணிகளும் வேறு. நொன் ஆடியது 1996இலிருந்து 2010 வரை. அந்தக் காலத்தில் கொஞ்ச வருடம் பெண்கள் சிக்ஸ் நேஷன்ஸில் (ஐரோப்பாவின் ஆறு நாட்டு அணிகள் வருடாவருடம் மோதும் போட்டி) இத்தாலியே கிடையாது, ஸ்பெயின்தான் ஆடியது. 2007இல்தான் இத்தாலி வந்தது. அப்போது எல்லோருமே வேலைக்குப் போய்விட்டு ஆட வந்தவர்கள். ஜாய்ஸ் எதிர்கொண்ட இங்கிலாந்து மாதச் சம்பளம் வாங்கி ஆடுகிற இங்கிலாந்து.

கதிர்_கார்டிஃப்

வெண்பா சொன்னதைத்தான் நானும் சொல்ல வந்தேன், இன்னும் கொஞ்சம் காரமாக. 64 ட்ரை யாருக்கு எதிராக? 2009 வெற்றியை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அது ஒரு நாள், ஒரு உதை. ஜாய்ஸ் ஒவ்வொரு வருடமும் உலகத்தின் ஆக வேகமான பெண்களோடு ஓடினார்.

டாஃப்ஸ் வெல் எங்கள் வீட்டிலிருந்து பக்கம்தான், ரயிலில் ஏறினால் கால் மணி நேரம். வேல்ஸிலேயே வெந்நீர் ஊற்று உள்ள ஒரே ஊர் என்று பெருமை பேசுவார்கள். இங்கிலாந்து வருகிறது என்றால் ஆண்களுக்கு 74,000 பேர் உட்காரும் தேசிய மைதானம், பெண்களுக்கு அந்த ஊர். அந்தக் காலத்துப் பெண்கள் ரக்பி எவ்வளவு சின்ன உலகம் என்பதற்கு அதுவே அத்தாட்சி.

கண்டி_சிவா

சின்ன உலகம் என்று நீர் சொல்வது எனக்கு ஆதரவான வாதம், தம்பி. ஒன்றுமில்லாத இடத்தில் நின்று இங்கிலாந்தை வென்றவளைத்தான் பெரிய ஆள் என்பது.

நைட்‌ஷிஃப்ட்_மேரி

ஷிஃப்ட் முடிந்து வந்து இதைப் படித்தேன், தூக்கம் போய்விட்டது. ஸ்வான்சீயில் நர்ஸாக இருக்கிறேன். இரண்டு பேருமே அடிப்படையான ஒன்றைத் தொடாமல் பேசுகிறீர்கள்: காசு.

வேல்ஸ் ரக்பி யூனியன் பெண்களுக்கு முதல் முழுநேர ஒப்பந்தம் கொடுத்தது 2022 ஜனவரியில். மொத்தம் 12 பேருக்கு. 1987இல் முதல் ஆட்டம், 2022இல் முதல் சம்பளம். 35 வருடம். அதுவரைக்கும் ஆடிய எல்லோரும் ஆசிரியர், போலீஸ், மாணவி, கடைப் பணியாளர். பன்னிரண்டரை மணி நேர ஷிஃப்ட் முடித்துவிட்டு நான் மாடிப்படி ஏறவே கைப்பிடியைப் பிடிக்கிறேன். அதே மாதிரி ஒரு நாள் வேலையை முடித்துவிட்டு, காரில் சாண்ட்விச் தின்றுகொண்டே பயிற்சிக்கு ஓட்டிப்போய், ராத்திரி எட்டு மணிக்கு ஸ்க்ரம்மில் தலையைக் கொடுப்பதை நினைத்துப் பாருங்கள். ஸ்க்ரம் என்றால் பக்கத்துக்கு எட்டு பேர் குனிந்து தோளோடு தோள் முட்டித் தள்ளுவது. கழுத்து என்னாகும் என்று எனக்குத் தெரியும், வார்டில் பார்த்திருக்கிறேன்.

எங்கள் ஊர் ஷிவான் லில்லிகிராப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்வான்சீ பல்கலைக்கழகத்தில் ரக்பித் துறைத் தலைவர் வேலை பார்த்துக்கொண்டே வேல்ஸுக்குக் கேப்டனாக இருந்தார். பகலில் பையன்களுக்கு ரக்பி நிர்வாகம், மாலையில் தனக்குப் பயிற்சி. அந்த 12 பேரில் அவரும் ஒருவர். எலினோர் ஸ்னோசில் 2009இல் அறிமுகமாகி 2023 வரை ஆடினார், 76 டெஸ்ட். அந்தப் பதினான்கு வருடத்தில் சம்பளம் வந்தது கடைசிக் கொஞ்ச காலம் மட்டும்தான்.

பெரிய ஆட்ட வாழ்க்கை என்றால் என் ஓட்டு லைசா பர்கெஸுக்கு. 1987 ஏப்ரலில் பான்டிபூல் பார்க்கில் வேல்ஸின் முதல் ஆட்டம், எதிரில் இங்கிலாந்து. 22-4 தோல்வி. அந்த அணிக்குக் கேப்டன் அவர். அதற்கப்புறமும் வருடக்கணக்காக ஆடினார். 2018இல் உலக ரக்பியின் ஹால் ஆஃப் ஃபேமில் (புகழ்பெற்றோர் வரிசையில்) சேர்த்தார்கள். அவர் வரிசையில் முதலில் நிற்காவிட்டால் நொன்னும் இல்லை, ஜாஸ்மினும் இல்லை.

சிவா அண்ணா, டாஃப்ஸ் வெல்லோடு நின்றுவிடாதீர்கள். வேல்ஸ் இங்கிலாந்தை இரண்டாவது தடவை வென்றது 2015இல் எங்கள் ஸ்வான்சீ செயின்ட் ஹெலன்ஸ் மைதானத்தில். 13-0. இங்கிலாந்து அப்போது உலக சாம்பியன், ஒரு புள்ளிகூட எடுக்கவிடவில்லை. ஊர்ப் பெருமை, மன்னிக்கவும்.

ஆஃப்சைடு_ஆறுமுகம்

இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்? நாலு பேர் உட்கார்ந்து இவ்வளவு நீளம் எழுதுகிறீர்கள்.

கதிர்_கார்டிஃப்

2025 மார்ச் இறுதியில் வேல்ஸ்-இங்கிலாந்து ஆட்டத்தைப் பிரின்சிபாலிட்டி மைதானத்தில் பார்த்தது 21,186 பேர். அதில் நானும் ஒருவன். நாலு பேர் இல்லை ஐயா.

ஆஃப்சைடு_ஆறுமுகம்

ஸ்கோர் என்ன?

கதிர்_கார்டிஃப்

67-12. இங்கிலாந்துக்கு. சரி, சிரித்துக்கொள்ளுங்கள்.

சிரிப்போடு சிரிப்பாக ஒன்று சொல்கிறேன், இது என் வாதத்துக்கு முக்கியம். அன்றைக்கு நான் ஓரக் கோட்டுக்குப் பக்கத்தில், கீழ் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். விங்கில், அதாவது மைதானத்தின் ஓரத்தில், நிற்கும் வேல்ஸ் பெண் எனக்கு முன்னால் இருபது அடி தூரத்தில். பந்து எங்கோ நடுவில் இருக்கிறது. வேல்ஸ் முன்வரிசை பின்னாலேயே தள்ளப்படுகிறது. அந்தப் பெண் குதிகாலில் நிற்காமல் விரல் நுனியில் நின்று, கையை விரித்து விரித்து மூடுகிறார். பந்து வரவில்லை. திரும்பிப் பின்னால் ஓடுகிறார், தடுக்க. திரும்ப வந்து நிற்கிறார். மறுபடியும் விரல் நுனி. பல நிமிடம் இப்படியே போனது. பந்தைக் கையில் வாங்கியதைவிட எதிராளியை விரட்டி ஓடியதுதான் அதிகம்.

விங்கர் என்பவர் மற்ற பதின்மூன்று பதினான்கு பேர் சம்பாதித்துக் கொடுப்பதைச் செலவு செய்கிற ஆள். சம்பாத்தியமே இல்லாத வீட்டில் எவ்வளவு நல்ல செலவாளி இருந்தும் என்ன? ஜாய்ஸும் விங்கர்தான்; அவருடைய வேல்ஸ் கணக்கு நொன் எவன்ஸ் கணக்கு மாதிரி இல்லை என்றால் காரணம் அதுதான். செவன்ஸில் அவருக்கு இடமும் கிடைத்தது, பந்தும் கிடைத்தது.

கண்டி_சிவா

உவமானம் நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த வீட்டில் சம்பாத்தியம் இல்லாமல் போனது ஏன் என்று கேட்கிறேன். நல்ல ஆட்களைச் செவன்ஸ் இழுத்துக்கொண்டு போனது ஒரு காரணம் இல்லையா? மிக வேகமான பிள்ளை, இருபது வயதில், பதினைந்து பேர் ஆட்டத்தைக் கற்றுக்கொள்ள வேண்டிய காலத்தில் வேறு ஆட்டத்துக்குப் போகிறாள். திரும்ப வருகிறாள். திரும்பப் போகிறாள். ஒரு அணியில் பத்து வருடம் சேர்ந்து ஆடினால்தான் பக்கத்தில் நிற்பவள் எந்தத் தோளால் தள்ளுவாள் என்று விளங்கும்.

நான் செவன்ஸுக்கு எதிரி இல்லை. சின்ன வயதில் போகம்பறை மைதானத்தில் செவன்ஸ் பார்த்து வளர்ந்தவன். கண்டியில் அது திருவிழா. ஆனால் திருவிழா வேறு, குடித்தனம் வேறு.

அத்தோடு இதற்குப் பதில் சொல்லும்: மூன்று ஒலிம்பிக்கால் வேல்ஸ் பெண்கள் செவன்ஸுக்கு என்ன கிடைத்தது? 2018இல் கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் வேல்ஸ் பெண்கள் அணி இருந்தது. 2022இல் பர்மிங்ஹாம், பக்கத்து வீடு மாதிரி. அதில் பெண்கள் செவன்ஸில் எட்டு அணி. எங்கட இலங்கை இருந்தது. வேல்ஸ் இல்லை!

வெண்பா

அடேங்கப்பா. இது எனக்குத் தெரியாது. பட்டியலை எடுத்துப் பார்த்தேன், உண்மைதான். நியூசிலாந்து, கனடா, இங்கிலாந்து, இலங்கை ஒரு குழு; ஆஸ்திரேலியா, ஃபிஜி, ஸ்காட்லாந்து, தென்னாப்பிரிக்கா இன்னொரு குழு.

கதிர், இதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். "ஒரு ஆள் உச்சத்துக்குப் போனார்" என்பது வேறு, "அவர் போன பாதையில் நாலு பேர் போக முடிந்தது" என்பது வேறு. நொன்னின் உதையால் ஒரு அணி ட்ரிபிள் கிரவுன் எடுத்தது. ஜாய்ஸின் ஓட்டத்தால் எந்த வேல்ஸ் அணி என்ன எடுத்தது?

கதிர்_கார்டிஃப்

பதில் சொல்கிறேன், கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன்.

2016இல் அவருக்கு முன்னால் என்ன இருந்தது? வேல்ஸில் பெண்களுக்கு முழுநேர ஒப்பந்தம் என்ற ஒன்றே இல்லை. மேரி அக்கா சொன்ன மாதிரி அது வர இன்னும் ஆறு வருடம் இருந்தது. வேல்ஸ் தனியாக ஒலிம்பிக்குக்குப் போகவும் முடியாது, பிரிட்டன் என்றுதான் போக வேண்டும். ரியோவுக்கான இடத்தைச் சம்பாதித்துக் கொடுத்ததே இங்கிலாந்து செவன்ஸ் அணிதான். இங்கிலாந்துப் பெண்கள் ஏற்கனவே சேர்ந்து பயிற்சி எடுத்துக்கொண்டிருந்த அணிக்குள், மேற்குக் கோடியிலிருந்து ஒரு மாணவி போய் இடம் பிடிக்கிறார். "எங்கள் அணியில் இருந்து குடித்தனம் பண்ணாமல் ஏன் போனாய்" என்று கேட்பது சுலபம். குடித்தனத்துக்கு அரிசி யார் போட்டார்கள்?

அந்தப் பாதையும் ஒன்றும் பட்டுக் கம்பளம் இல்லை. 2020 ஆகஸ்டில் கொரோனாவைக் காட்டி இங்கிலாந்து யூனியன் செவன்ஸ் பணத்தை நிறுத்தியது. ஒலிம்பிக் ஒரு வருடம் தள்ளிப்போயிருந்த நேரம். ஆட்டக்காரர்கள் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டினார்கள். கடைசியில் தேசிய லாட்டரிப் பணம் வந்துதான் பிரிட்டன் அணி பிழைத்தது. அப்படித் தப்பிப் பிழைத்த அணிதான் டோக்கியோவில் நியூசிலாந்தை 21-0 என்று நிறுத்தியது. அந்த நியூசிலாந்துதான் தங்கம் எடுத்தது. ஆளில்லாத மைதானம், கைதட்ட ஒருவர் இல்லை.

2022இல் வேல்ஸ் பெண்கள் செவன்ஸ் அணி பர்மிங்ஹாமில் இல்லை என்றால் அது யூனியன் அணியை வளர்க்காததன் விளைவு. அதை ஜாய்ஸ் தலையில் கட்டாதீர்கள். மழை பெய்யவில்லை என்று கிணறு வெட்டினவரைத் திட்டுகிற மாதிரி இருக்கிறது.

நைட்‌ஷிஃப்ட்_மேரி

கதிர் தம்பிக்கு இந்த ஒரு விஷயத்தில் என் ஆதரவு.

ஆனால் "காசு வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது" என்றும் நினைக்காதீர்கள். 2021இல் ஒரு வெற்றிகூட இல்லை. பிரான்ஸிடம் 53-0, அயர்லாந்திடம் 45-0. 123 முன்னாள் வேல்ஸ் ஆட்டக்காரர்கள் யூனியனுக்குக் கடிதம் எழுதினார்கள். அப்புறம்தான் ஒப்பந்தம். 2022இலும் 2023இலும் சிக்ஸ் நேஷன்ஸில் மூன்றாம் இடம். ஜனவரியில் சம்பளம் வந்தது, மார்ச்சில் டப்ளினிலேயே அயர்லாந்தை வென்றார்கள். சாப்பாடும் தூக்கமும் ஒழுங்காகக் கிடைத்தால் உடம்பு இரண்டே மாதத்தில் அதைக் காட்டிக்கொடுக்கும் என்று நான் நோயாளிகளிடம் சொல்வதுண்டு.

பிறகு 2024இல் கடைசி, 2025இலும் கடைசி. நடுவில் அந்த ஒப்பந்தச் சண்டை. 2024 கோடையில் புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மூன்று மணி நேரக் கெடு வைத்தார்கள், போடாவிட்டால் அணியை உலகக் கோப்பையிலிருந்தே விலக்கிவிடுவோம் என்று மிரட்டினார்கள் என்று செய்தி வந்தது. நவம்பரில் யூனியன் தலைவர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். பேச்சுவார்த்தையைத் தப்பாக நடத்திவிட்டோம் என்று அவர்களுடைய விசாரணையே சொன்னது.

அந்த இழுபறிக்கு நடுவில்தான் செப்டம்பரில் நியூபோர்ட்டில் ஆஸ்திரேலியாவை முதன்முறையாக வென்றார்கள், 31-24. இதற்கு என்ன விளக்கம் என்று எனக்கும் தெரியாது. கோபத்தில் சில நேரம் நன்றாக ஆடுவார்கள் போல.

புதுசு_பாலு

வேல்ஸில் உலகக் கோப்பை நடந்ததே கிடையாதா?

நைட்‌ஷிஃப்ட்_மேரி

நடந்தது பாலு. பெண்களின் முதல் உலகக் கோப்பையே 1991இல் தெற்கு வேல்ஸில்தான். நடத்தியது யூனியன் இல்லை. லண்டன் ரிச்மண்ட் கிளப்பைச் சேர்ந்த நாலு பெண்கள், சொந்த வேலை பார்த்துக்கொண்டே நடத்தினார்கள். 12 அணிகள். சோவியத் அணியிடம் செலவுக்குக் கையில் காசே இல்லை; விற்றுச் சமாளிக்கலாம் என்று வோட்காவும் மீன்முட்டையும் பொம்மைகளும் கொண்டுவந்தார்கள். சுங்க அதிகாரிகள் விடுவார்களா? பிடித்துக்கொண்டார்கள். கடைசியில் ஊர்க்காரர்கள்தான் உதவினார்கள். இறுதி ஆட்டம் கார்டிஃப் ஆர்ம்ஸ் பார்க்கில், அமெரிக்கா இங்கிலாந்தை 19-6 என்று வென்றது.

அந்தத் தலைமுறைதான் லைசா பர்கெஸ் தலைமுறை. வோட்கா விற்று ஆடலாம் என்று வந்தவர்களையும் மாதச் சம்பளம் வாங்கி ஆடுகிறவர்களையும் ஒரே தராசில் வைத்து யார் பெரியவர் என்று கேட்கிறீர்கள். உங்கள் தராசு எனக்கு விளங்கவில்லை.

வெண்பா

மேரி அக்கா, தராசே வேண்டாம் என்றால் இந்த இழையே வேண்டாம். சண்டை போட வந்திருக்கிறோம், சண்டை போடுவோம்.

என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். வேல்ஸ் சட்டையில் ஆடிய ஆட்டம் என்று மட்டும் பார்த்தால் நொன் எவன்ஸ். சிவா அண்ணன் சொல்வது சரி, அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. வேல்ஸிலிருந்து கிளம்பிய ஒருவர் ஆட்டத்தில் எவ்வளவு தூரம் போனார் என்று பார்த்தால் ஜாய்ஸ். கதிர் தலைப்பில் "வேல்ஸ் பெண்கள் ரக்பியின்" என்று எழுதியதுதான் தப்பு. "வேல்ஸ் பெண்ணின்" என்று எழுதியிருந்தால் நான் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

கதிர்_கார்டிஃப்

தலைப்பை இப்போது மாற்ற முடியாது. மாற்றவும் மாட்டேன். சிவப்புச் சட்டையில் மூன்று உலகக் கோப்பை ஆடியவரை வேல்ஸ் கணக்கிலிருந்து எப்படி எடுப்பீர்கள்?

கண்டி_சிவா

அந்த மூன்று உலகக் கோப்பையில் வேல்ஸ் எத்தனை ஆட்டம் வென்றது என்று எண்ணிப் பாரும். 2025இல் ஸ்கொட்லாந்து, கனடா, ஃபிஜி, மூன்றிடமும் தோல்வி. ஃபிஜியிடம் 28-25, அதுதான் எனக்கு ஆக வலித்தது. 2022இல் ஸ்கொட்லாந்தை 18-15 வென்றார்கள், அதுவும் கடைசி நிமிடப் பெனால்டி, உதைத்தது கெய்ரா பெவன். பாரும், வேல்ஸ் பெண்கள் றக்பியில் பெரிய தருணம் என்றால் அது கடைசி நிமிட உதைதான். ஓட்டக்காரிக்கு அங்கே இடமில்லை. (கடைசி வரி உம்மைச் சீண்டுவதற்கு.)

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். சம்பளமே இல்லாத காலத்தில் வேறு இடம் தேடிப் போனாள் என்று நான் குறை சொல்லியிருக்கக் கூடாது. என் மகளும் வேலை தேடி நாடு விட்டுப் போனவள்தான். அதை வாபஸ் வாங்குகிறேன். நொன்னை வாபஸ் வாங்க மாட்டேன்.

நைட்‌ஷிஃப்ட்_மேரி

அடுத்த வாரம் மூன்று நாள் லீவு. இந்த இழையைப் படித்த பாவத்துக்குச் செயின்ட் டேவிட்ஸ் போய்ப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். ஸ்வான்சீயிலிருந்து எப்படிப் போவது கதிர்?

கதிர்_கார்டிஃப்

ஹாவர்ஃபோர்ட்வெஸ்ட் வரை ரயில், அங்கிருந்து பஸ். பஸ் நேரத்தை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள் அக்கா, ஒன்றை விட்டால் ரொம்ப நேரம் காத்திருக்க வேண்டும். பேராலயம் பள்ளத்துக்குள் இருக்கும், கிட்டே போகும் வரை கண்ணிலேயே படாது. அப்புறம் கடல் பக்கம் ஒரு மைல் நடந்தால் பாறை மேட்டில் இடிந்த சின்னத் தேவாலயம், பக்கத்தில் ஒரு கிணறு. புனித டேவிட் பிறந்த இடம் என்பார்கள். அவருடைய அம்மா பேரில்தான் அந்த இடமே இருக்கிறது.

அம்மா பேர் என்ன தெரியுமா? நொன்.

கண்டி_சிவா

பார்த்தீரா! ஜாய்ஸின் ஊரிலேயே நொன்தான் மூத்தவள். இழையை மூடும் தம்பி.

கதிர்_கார்டிஃப்

இதைச் சொல்லியிருக்கவே கூடாது.

நைட்‌ஷிஃப்ட்_மேரி

கிணற்றுத் தண்ணீர் கண் வியாதிக்கு நல்லது என்று என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் சொன்னார். நர்ஸாக இதை நான் பரிந்துரைக்க முடியாது. ஆனாலும் வெண்பாவுக்கு ஒரு பாட்டில் பிடித்து வருகிறேன், புள்ளிவிவரம் பார்த்துப் பார்த்துக் கண் போயிருக்கும்.

வெண்பா

எனக்கு வேண்டாம் அக்கா. சிவா அண்ணன் போனுக்குக் கொஞ்சம் தெளியுங்கள்.